ரோந்துப் படகு எண் 102: ஜப்பானியக் கொடியில் ஓடிய அமெரிக்கக் கப்பல் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கடற்படையின் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போன சின்னக் கப்பல்களைப் பற்றித் தமிழில் அதிகம் யாரும் எழுதுவதில்லை. யமாத்தோ மாதிரி மலை போன்ற போர்க்கப்பல் என்றால் எல்லோரும் வந்து நிற்பார்கள். காவல் படகு என்றால் யாருக்கு என்ன? ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒன்றின் கதை கொஞ்சம் வினோதமானது. எதிரி கட்டிய கப்பல், எதிரியே மூழ்கடித்துவிட்டுப் போன கப்பல். அதைத் தோண்டி எடுத்துத் தன் கொடியை ஏற்றிக் காவலுக்கு அனுப்பியது ஜப்பான். அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகள் இங்கே.

ரோந்துப் படகு எண் 102 என்பது என்ன?

1943 முதல் 1945 வரை ஜப்பானியக் கடற்படையில் இருந்த ஒரு துணைக்காவல் கப்பல். ஜப்பானிய மொழியில் 'ஷோகாய்தேய்' என்றால் ரோந்துப் படகு. படகு என்று சொன்னதும் சின்னதாக நினைக்க வேண்டாம். சுமார் 1,200 டன் எடை, ஏறக்குறைய 96 மீட்டர் நீளம், ஒன்பதரை மீட்டர் அகலம். பெரிய போர்க்கப்பல் பக்கத்தில் நிறுத்தினால் குச்சி மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

இதன் பழைய பெயர் யுஎஸ்எஸ் ஸ்டூவர்ட், எண் டிடி-224. அமெரிக்காவின் கிளெம்சன் வகை நாசகாரி, அதாவது 'டெஸ்ட்ராயர்' எனப்படும் வேகமான போர்க்கப்பல். பிலடெல்பியாவில் வில்லியம் கிராம்ப் அண்ட் சன்ஸ் தளத்தில் கட்டப்பட்டு 1920 மார்ச் 4 அன்று நீரில் இறங்கியது, அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று பணியில் சேர்ந்தது. வரிசையாக நான்கு புகைபோக்கிகள், நான்கு 4 அங்குலப் பீரங்கிகள், பன்னிரண்டு டார்பிடோக் குழாய்கள், 35 நாட் வேகம் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). இதே அச்சில் அமெரிக்கா 156 கப்பல்களை வார்த்துத் தள்ளியது. முதல் உலகப் போருக்கென்று திட்டமிட்டவை. கட்டி முடிப்பதற்குள் போரே முடிந்துவிட்டது.

ஜப்பானுக்கும் இந்தக் கப்பலுக்கும் முன்பே தொடர்பு உண்டா?

உண்டு. 1922 முதல் ஸ்டூவர்ட் அமெரிக்காவின் ஆசியக் கடற்படைப் பிரிவில் இருந்தது. 1923 செப்டம்பர் 1 அன்று தோக்கியோ, யோக்கோஹாமா பகுதியை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியபோது, நிவாரணத்துக்காக ஜப்பானுக்கு ஓடிய அமெரிக்க நாசகாரிகளில் இதுவும் ஒன்று. இருபது வருஷம் கழித்து இதே கப்பல் ஜப்பானியக் கொடியோடு ஓடும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அமெரிக்கக் கப்பல் எப்படி ஜப்பானியர் கையில் சிக்கியது?

சண்டையில் பிடிபடவில்லை. பழுதுபார்க்கும் இடத்தில் சாய்ந்து விழுந்ததில் சிக்கியது.

1942 பிப்ரவரி 19 இரவு பாலித் தீவை ஒட்டிய பாடுங் நீரிணையில் டச்சு, அமெரிக்கக் கப்பல்கள் ஜப்பானியரோடு மோதின. எண்ணிக்கையில் நேச நாடுகள் கை ஓங்கியிருந்தது. ஆனால் கப்பல்கள் ஒன்றாக வராமல் அலை அலையாக வந்ததால் அந்தப் பலம் வீணானது. டச்சு நாசகாரி பீட் ஹைன் மூழ்கியது. இரண்டாவது அலையில் வந்த ஸ்டூவர்ட், ஜப்பானிய நாசகாரிகளான ஓஷியோ, அசாஷியோ இரண்டின் குண்டுகளில் மாட்டியது. ஒரு குண்டு பின்பக்கம் நீர்மட்டத்துக்குக் கீழே துளைத்து, சுக்கான் இயந்திர அறையில் தண்ணீரைப் புகவிட்டது. இரண்டடித் தண்ணீருக்குள் முங்கிக்கிடந்தபடியே அந்த இயந்திரம் வேலை செய்தது. கப்பல் வரிசையை விட்டு விலகாமல் மறுநாள் காலை ஜாவாத் தீவின் சுரபாயா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது.

அதிக அடி வாங்கியது அதுதான் என்பதால் பிப்ரவரி 22 அன்று முதல் ஆளாக மிதக்கும் உலர்துறையில் ஏற்றினார்கள். மிதக்கும் உலர்துறை என்பது பெரிய தொட்டி மாதிரி. தண்ணீரை நிரப்பித் தாழ்த்தி, கப்பலை உள்ளே விட்டு, அடியில் முட்டுக்கட்டை கொடுத்து, தண்ணீரை இறைத்து மேலே தூக்குவார்கள். முட்டு சரியாகக் கொடுக்காமல் தூக்கிவிட்டார்கள். பாதியிலேயே கப்பல் கட்டைகளிலிருந்து நழுவி, பன்னிரண்டடித் தண்ணீரில் பக்கவாட்டில் விழுந்தது. உந்துவிசிறித் தண்டுகள் வளைந்தன, அடிப்பாகம் நசுங்கியது.

ஜப்பானிய விமானங்கள் தலைக்கு மேல். நிமிர்த்தி, தண்டை மாற்ற நேரமில்லை. அன்று பிற்பகலே மாலுமிகள் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினார்கள். கப்பலுக்குள் வெடி வைத்துத் தகர்த்தார்கள், போதாததற்கு ஒரு ஜப்பானியக் குண்டும் நடுவில் வந்து விழுந்தது. மார்ச் 2 அன்று துறைமுகத்தைக் கைவிடும்போது உலர்துறையையும் சேர்த்தே மூழ்கடித்தார்கள். மார்ச் 25 அன்று கடற்படைப் பட்டியலிலிருந்து பெயரை அடித்தார்கள்.

அது துரதிர்ஷ்டம்தானே?

அன்றைக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் கூட இருந்தவற்றின் கணக்கைப் பாருங்கள். அதே ஆசியப் பிரிவின் எட்சால், போப் இரண்டும் மார்ச் 1 அன்று மூழ்கின. பாடுங் நீரிணையில் ஸ்டூவர்ட்டோடு சேர்ந்து சண்டையிட்ட பில்ஸ்பரி மறுநாள் மூழ்கியது, அதில் இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஸ்டூவர்ட் கட்டையிலிருந்து விழாமல் கடலுக்குப் போயிருந்தால் இந்தப் பட்டியலில் இன்னொரு வரியாக முடிந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. அதைச் சுட்ட ஓஷியோவை 1943 பிப்ரவரி 20 அன்று அமெரிக்க நீர்மூழ்கி அல்பகோர் மூழ்கடித்தது. அசாஷியோ மார்ச் தொடக்கத்தில் பிஸ்மார்க் கடலில் விமானத் தாக்குதலில் போனது. ஸ்டூவர்ட்டை ஜப்பானியர் சேற்றிலிருந்து வெளியே எடுத்ததும் அதே பிப்ரவரியில்தான். அடித்தவை அடியில் போக, அடிபட்டது மேலே வந்தது.

உடைந்த, இருபது வயசுக் கப்பலை எடுக்க வேண்டிய அவசியம் என்ன?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பேன். இந்தக் கப்பலைப் 'பேய்க் கப்பல்' என்று கதை சொல்லுபவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஜப்பான் போரில் இறங்கியதே எண்ணெய்க்காக. போர்னியோ, சுமத்ரா எண்ணெய் வயல்கள் சில மாதங்களில் கைக்கு வந்தன. ஆனால் எண்ணெய் கிணற்றில் இருந்தால் பயனில்லை, அதைக் கப்பலில் ஏற்றி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி ஜப்பானுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வழி நெடுக அமெரிக்க நீர்மூழ்கிகள். சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போகும் கப்பல்களை ஜப்பானியக் கடற்படை போருக்கு முன் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. பெரிய கப்பற்படை பெரிய கப்பற்படையோடு மோதி ஒரே நாளில் முடிவு காணும் என்பதுதான் அவர்கள் கனவு. காவலுக்கென்று கட்டிய 'கைபோகான்' வகை, போர் தொடங்கியபோது நான்கே நான்கு: ஷிமுஷு, குனாஷிரி, ஹச்சிஜோ, இஷிகாக்கி. அவையும் வடக்குக் கடலில் மீன்பிடிப் பாதுகாப்புக்கு என்று யோசித்துக் கட்டியவை.

காவல் பணி முழுவதையும் ஒரே தலைமையின் கீழ் கொண்டுவரும் உயர் ஆணையம் 1943 நவம்பர் 15 அன்றுதான் அமைந்தது. வீடு பற்றி எரிந்து இரண்டு வருஷம் ஆனபிறகு கிணறு வெட்டினார்கள். போர் முடிவதற்குள் அமெரிக்க நீர்மூழ்கிகள் மட்டுமே சுமார் 48 லட்சம் டன் ஜப்பானிய வணிகக் கப்பல்களைக் கவிழ்த்தன.

இப்படிப்பட்ட பஞ்சத்தில் துறைமுகத்தில் கிடக்கும் எந்த இரும்பும் தங்கம்தான். அதனால்தான் ஹாங்காங்கில் கிடைத்த பிரிட்டிஷ் நாசகாரி திரேஷியன் எண் 101 ஆனது. பிலிப்பைன்ஸில் கிடைத்த, கடற்கண்ணிகளை அகற்றும் அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் ஃபின்ச் எண் 103 ஆனது, இழுவைக் கப்பல் ஜெனிசீ எண் 107 ஆனது. நூறுக்கு மேல் எண் என்றால் எதிரியிடமிருந்து எடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஜப்பானின் சொந்தப் பழைய நாசகாரிகளும் ரோந்துப் படகுகளாக மாறின. அவற்றில் 32, 33 இரண்டையும் 1941 டிசம்பரில் வேக் தீவில் வேண்டுமென்றே கரையில் ஏற்றிப் படைகளை இறக்கினார்கள்.

என்னென்ன மாற்றினார்கள்?

1943 செப்டம்பர் 20 அன்று பணியில் சேர்த்தபோது கண்ணில் படும் பெரிய மாற்றம் புகைபோக்கி. முன்னால் இருந்த இரண்டையும் மேலே ஒன்றாக இணைத்துவிட்டதால் நான்கு மூன்றானது. அமெரிக்கப் பீரங்கிகளுக்குப் பதில் இரண்டு 3 அங்குலப் பீரங்கிகள். நீர்மூழ்கியை அடிக்க ஆழ்நீர்க் குண்டுகள், அதாவது தண்ணீருக்குள் குறிப்பிட்ட ஆழம் போனதும் வெடிப்பவை. காவல் கப்பலுக்கு உண்மையான ஆயுதம் அதுதான். 1944 நவம்பரில் குரே துறைமுகத்தில் பழுதுபார்த்தபோது விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளைக் கூட்டி, முன்பக்கம் மூன்று கால் கொண்ட இலகுவான பாய்மரக் கம்பமும் வைத்தார்கள்.

அமெரிக்க விமானிகள் இதைப் பார்த்துக் குழம்பினார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். எதிரிக் கடலுக்கு உள்ளே, வெகுதூரத்தில், அமெரிக்க நாசகாரி போலவே ஒன்று ஓடுகிறது என்று விமானிகளிடமிருந்து அறிக்கைகள் வந்துகொண்டிருந்தன. மேல்தளம் ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டமாக நீளும் அந்த உடல்வாகு வேறு நாட்டுக் கப்பல்களில் லேசில் கிடைக்காது. புகைபோக்கியை மாற்றலாம், எலும்பை எப்படி மாற்றுவது?

அமெரிக்க நீர்மூழ்கி ஹார்டரை மூழ்கடித்தது இந்தக் கப்பலா?

இணையத்தில் 'அமெரிக்கக் கப்பலே அமெரிக்க நீர்மூழ்கியைக் கொன்றது' என்று தலைப்புப் போட்டு எழுதுகிறார்கள். படிக்க நன்றாக இருக்கிறது. ஆதாரத்தை நிறுத்திப் பார்த்தால் அவ்வளவு சுலபமில்லை.

ஹார்டர் சாதாரண நீர்மூழ்கி இல்லை. தலைவர் சாமுவேல் டீலி, துரத்தி வரும் நாசகாரியை நேருக்கு நேர் பார்த்து அதன் முகத்திலேயே டார்பிடோ விடுவதில் பேர்போனவர். 1944 ஏப்ரலில் இக்காசுச்சி, ஜூன் 6 அன்று மினாசுக்கி, 7 அன்று ஹயானாமி, 9 அன்று தனிக்காசே என்று நான்கு நாசகாரிகள் ஹார்டரின் கணக்கு. ஆகஸ்ட் 22 அன்று பிலிப்பைன்ஸ் பக்கம் ஹார்டரும் ஹேடோ என்ற இன்னொரு நீர்மூழ்கியும் சேர்ந்து மத்சுவா, ஹிபுரி, சாதோ என்ற மூன்று கைபோகான் கப்பல்களை ஒரே நாளில் முடித்தன. மறுநாள் நாசகாரி அசாகாசேயை ஹேடோ அடித்தது. டார்பிடோ தீர்ந்து ஹேடோ விலகிப் போக, ஹார்டரும் ஹேக் என்ற நீர்மூழ்கியும் லூசோன் தீவின் தசோல் விரிகுடா வாசலில் காத்திருந்தன.

ஆகஸ்ட் 24 விடியற்காலை இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் வெளியே வந்தன. ஒன்று நமது எண் 102. மற்றது கைபோகான் எண் 22, போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டிய 740 டன் கப்பல். வேகம் பதினேழரை நாட்தான், ஆனால் 120 ஆழ்நீர்க் குண்டுகளைச் சுமக்கும்.

ஹேக் பெரிஸ்கோப்பில் பார்த்தது. சின்னதைக் கண்ணிவாரி என்றும், பெரியதை மூன்று புகைபோக்கி வைத்த சயாம் (இன்றைய தாய்லாந்து) நாட்டு நாசகாரி என்றும் குறித்துக்கொண்டது. சயாமிடம் ஃப்ரா ருவாங் என்று ஒரு பழைய நாசகாரி இருந்ததால் அந்த நினைப்பு வந்திருக்கிறது. தன் நாட்டுக் கப்பலையே பார்க்கிறோம் என்று ஹேக்கில் இருந்த எவருக்கும் தோன்றவில்லை. பெரிய கப்பல் திரும்பி விரிகுடாவுக்குள் போய்விட்டது. சின்னது வெளியே நின்று சோனார் ஒலியைத் தட்டித் தேடிக்கொண்டே இருந்தது. 6.47 மணிக்கு ஹேக் தனக்கு முன்னால் அறுநூறு, எழுநூறு கஜத்தில் ஹார்டரின் பெரிஸ்கோப்பைப் பார்த்தது. பிறகு ஹேக் ஆழத்தில் விலகிப் போக, 7.28க்குத் தொலைவில் பதினைந்து ஆழ்நீர்க் குண்டுகள் அடுத்தடுத்து வெடித்த சத்தம். அதற்கப்புறம் ஹார்டரிடமிருந்து எதுவும் வரவில்லை. தாக்குதலுக்குப் பின் எண்ணெயும் மரச்சிம்புகளும் தக்கையும் மேலே மிதந்து வந்ததாக ஜப்பானியப் பதிவு சொல்கிறது. டீலியோடு சேர்ந்து 79 பேர் போனார்கள்.

விரிகுடாவுக்குள் போனது பெரியது, வெளியே நின்று தேடியது சின்னது. அப்படியானால் குண்டு போட்ட பெருமை எண் 22க்குத்தான் சேரும், அதற்கே பெரும்பாலும் கொடுக்கவும் செய்கிறார்கள். எண் 102 அன்று அங்கே இருந்தது, ஜோடியாகக் கிளம்பியது. அதற்கு மேல் அதன் தலையில் ஏற்றுவது கதைச் சுவைக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

மற்ற நாட்களில் என்ன செய்தது?

தென்மேற்குப் பகுதிக் கடற்படையின் கீழ் சரக்குக் கப்பல்களுக்குத் துணையாகப் போனது, வந்தது. சலிப்பான வேலை. பத்து நாட் வேகத்தில் ஊர்ந்துபோகும் எண்ணெய்க் கப்பல்களைச் சுற்றிச் சுற்றி வந்து, இரவு முழுக்கத் தண்ணீரையே காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் பிழைப்பு. எதுவும் நடக்காத நாள்தான் அவர்களுக்கு வெற்றி. அதை யாரும் பதக்கம் கொடுத்துக் கொண்டாடுவதில்லை.

போரின் கடைசியில் என்ன ஆனது?

குரேயில் பழுது முடிந்து மறுபடி தெற்கே போகப் பார்த்தது. அதற்குள் பிலிப்பைன்ஸை அமெரிக்கா திரும்பப் பிடித்துவிட்டதால் வழி அடைபட்டது. 1945 ஏப்ரல் 28 அன்று கொரியாவின் மொக்போவில் அமெரிக்க ராணுவ விமானங்கள் குண்டு போட்டுச் சேதப்படுத்தின. இரண்டு நாள் கழித்துக் குரே தளத்தின் பொறுப்பில் விட்டார்கள். ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபின் வந்த அமெரிக்கப் படையினர், குரேக்குப் பக்கத்தில் ஹிரோ விரிகுடாவில் ஓய்ந்து நின்ற கப்பலைப் பார்த்தார்கள். பைலட்டுகள் சொன்ன 'நம்ம கப்பல்' கண் முன்னால்.

அமெரிக்கா ஏன் திரும்ப எடுத்துக்கொண்டது? பழைய இரும்புதானே?

இரும்பு மதிப்பு பார்த்து எடுக்கவில்லை. 1945 அக்டோபர் 29 அன்று குரேயில் முறைப்படி விழா நடத்தி, அமெரிக்கக் கொடி ஏற்றி, மறுபடி பணியில் சேர்த்தார்கள். வந்திருந்தவர்கள் கண் கலங்கிய நிகழ்ச்சி என்பார்கள்.

அதில் ஒரு சிக்கல். ஸ்டூவர்ட் என்ற பெயர் 1943 மே மாதமே பணியில் சேர்ந்த புதிய துணைக்காவல் கப்பல் ஒன்றுக்குப் போய்விட்டது. ஒரே பெயரில் இரண்டு கப்பல் கூடாது. எனவே திரும்பி வந்த கிழவிக்குப் பெயர் கிடையாது, டிடி-224 என்ற எண் மட்டும். மாலுமிகள் விடுவார்களா? 'ராம்ப்-224' என்று பெயர் வைத்தார்கள். எதிரிச் சிறையிலிருந்து மீட்கப்பட்ட நேச நாட்டு வீரர்களைக் குறிக்கப் போர்க்கால ராணுவம் வைத்திருந்த சுருக்கெழுத்து அது. கப்பலையும் ஒரு கைதியாகவே பார்த்திருக்கிறார்கள்.

ஊர் போய்ச் சேர்ந்ததா?

சேர்ந்தது, சொந்தக் காலில் அல்ல. குவாம் அருகே இயந்திரம் கைவிட்டது. 1946 மார்ச் தொடக்கத்தில் கயிற்றில் இழுபட்டு சான் பிரான்சிஸ்கோ வந்தது. ஏப்ரல் 17 அன்று பட்டியலிலிருந்து பெயரை, மன்னிக்கவும், எண்ணை இரண்டாவது முறையாக அடித்தார்கள். மே 23 அன்று பணி ஓய்வு. மே 24 அன்று கடலுக்கு இழுத்துப்போய் விமானங்களுக்குச் சுடும் பயிற்சிப் பொருளாக வைத்தார்கள். ராக்கெட்டும் துப்பாக்கியும் போதவில்லை, பிசி-799 என்ற ரோந்துக் கப்பல் பீரங்கியால் சுட வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்து மூழ்கியது.

சிதைவு கிடைத்துவிட்டதா?

2024 ஆகஸ்ட் 1 அன்று கிடைத்தது. ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம் மூன்று தானியங்கி நீரடி வாகனங்களை ஒரே நேரத்தில் இறக்கி, 37 சதுர கடல் மைல் பரப்பை ஏறக்குறைய ஒரே நாளில் அலசியது. கலிபோர்னியாக் கரைக்கு அப்பால், கார்டெல் பேங்க் கடல் சரணாலயத்துக்குள், சுமார் 1,070 மீட்டர் ஆழத்தில், பெரும்பாலும் சிதையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. சுரபாயாவில் முட்டுக்கட்டையில் நிற்காமல் சாய்ந்த கப்பல், கடலடியில் யாரும் தாங்காமலே நேராக நிற்கிறது.

அதே ஆண்டு மே மாதம்தான் ஹார்டரின் சிதைவும் லூசோனுக்கு அருகே உறுதி செய்யப்பட்டது. அதுவும் நிமிர்ந்த நிலையில். 1944இல் ஒரே காலையில் ஒரே விரிகுடா வாசலில் இருந்த இரண்டும், எண்பது வருஷம் கழித்து சில மாத இடைவெளியில் கண்ணில் பட்டிருக்கின்றன.

நேரில் பார்க்க வழி உண்டா?

எண் 102ஐப் பார்க்க முடியாது, அந்த ஆழத்துக்கு முக்குளிப்பவர் யாரும் போக முடியாது. சோனார் படங்களும் வீடியோவும்தான். அதன் பெயரை வாங்கிக்கொண்ட கப்பல் டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டனில், சீவுல்ஃப் பூங்காவில் காட்சிக்கு நிற்கிறது, ஏறிப் பார்க்கலாம். எட்சால் வகை, ஒரே ஒரு புகைபோக்கி. போனால் நான்கைத் தேடாதீர்கள், மூன்றையும் தேடாதீர்கள்.